நண்பர்களோடு தென் ஐரோப்பா: சாங்கியில் பெட்டியைத் தூக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"இந்த வருஷமாவது எங்கயாவது போவோம்டா!"

நண்பர்கள் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த வரி வந்துவிடும். ஒருவர் ரோம் என்பார். இன்னொருவர் பார்சலோனா என்பார். மூன்றாமவர் ஏதென்ஸ் கடற்கரைப் படம் ஒன்றை அனுப்புவார். நான்காமவர் கட்டை விரலை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

பல பயணங்கள் அந்தக் கட்டை விரலோடு நின்றுவிடுகின்றன. சில பயணங்கள் புறப்பட்ட பிறகு நட்பையே சோதித்துவிடுகின்றன.

10 நாளில் 7 நாடுகளைப் பேருந்தில் ஓடி ஓடிப் பார்த்த காலம் மாறிவருகிறது. ஒரே நகரில் தங்கி, மெதுவாக எழுந்து, காப்பி குடித்து, தெருத்தெருவாக நடந்துவிட்டு வரும் விடுமுறையை இப்போது பலரும் விரும்புகிறார்கள்.

ஆனால் அங்கே நிதானமாக இருக்க வேண்டுமென்றால் இங்கேயே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். என்னென்ன? பார்ப்போம்.

எந்த நகரம்? எத்தனை நாள்?

முதலில் விடுப்பைக் கணக்குப் போடுங்கள்.

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின்படி முதல் ஆண்டில் குறைந்தது 7 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு. ஆண்டுக்கு ஒரு நாள் கூடி, 8ஆவது ஆண்டில் 14 நாள் ஆகும். 5 நாள் விடுப்பு எடுத்தால், முன்னும் பின்னும் வரும் வார இறுதிகளையும் சேர்த்து 9 நாள் கிடைக்கும். போக வர விமானத்தில் கழியும் நேரம் போக, கையில் நிற்பது 7 நாள்தான்.

சாங்கியிலிருந்து ரோம், மிலான், பார்சலோனா நகரங்களுக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கிறது. அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட், 2017ஆம் ஆண்டில் ஏதென்ஸ் சேவையைத் தொடங்கியது. அதுவே ஸ்கூட்டின் முதல் நெடுந்தொலைவுப் பயணம். பயண நேரம் சுமார் 11 முதல் 14 மணி நேரம்.

7 நாளில் 3 நகரங்கள் பார்க்கலாமா? பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை நகரம் மாறும்போதும் அரை நாள் போய்விடும். அறையைக் காலி செய்யணும், பெட்டியை இழுக்கணும், ரயில் பிடிக்கணும், அடுத்த அறையின் சாவிக்காகக் காத்திருக்கணும்.

அதற்குப் பதில் ஒரே நகரில் தங்கி, ஒருநாள் மட்டும் வெளியூர் போய் வரலாம்.

- ரோமிலிருந்து விரைவு ரயிலில் ஃபுளோரன்ஸ்: ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்
- பார்சலோனாவிலிருந்து விரைவு ரயிலில் ஜிரோனா: சுமார் 40 நிமிடம்
- ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏஜினா தீவு: விரைவுப் படகில் சுமார் 40 நிமிடம்

எப்போது போகலாம்?

பள்ளி விடுமுறை ஜூனில் வருகிறது. ஆனால் தென் ஐரோப்பாவில் வெயில் கொளுத்தத் தொடங்குவதும் அப்போதுதான்.

"நமக்கு வெயில் புதுசா?" என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 33 டிகிரி. அங்கே வெப்ப அலை வீசினால் 40 டிகிரியைத் தாண்டும். கல் பதித்த தெருக்கள் சூட்டைத் திருப்பி அடிக்கும். நம்மூரைப் போல் எங்கு நுழைந்தாலும் குளிரூட்டி இருக்கும் என்று சொல்ல முடியாது. 2023, 2024ஆம் ஆண்டுகளின் கோடைக்காலத்தில் ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் கடும் வெப்பத்தால் நண்பகல் நேரங்களில் மூடப்பட்டது.

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் இத்தாலி போக நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 15 அங்கே பொது விடுமுறை. அதையொட்டிக் குடும்பத்தார் நடத்தும் சிறிய கடைகள், உணவகங்கள் பல பூட்டிக் கிடக்கும்.

நான்கு நண்பர்கள், நான்கு கடப்பிதழ்கள்

சிங்கப்பூர் நண்பர் குழுக்களின் பெரிய சிக்கல் இதுதான்.

ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகன். ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. ஒருவர் ஜொகூரிலிருந்து வந்து வேலை செய்பவர். இன்னொருவர் தமிழகத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிடலாம். ஐரோப்பிய எல்லையில் நால்வரும் ஒன்றல்ல.

இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், போர்ச்சுகல் ஆகியவை 29 நாடுகள் அடங்கிய ஷெங்கன் வட்டாரத்தைச் சேர்ந்தவை.

- சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் போகலாம். எந்த 180 நாள் காலத்திலும் மொத்தம் 90 நாள்தான் தங்க முடியும்.
- இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்த விதி மாறாது.

விசா தேவைப்படும் நண்பருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

- சிங்கப்பூரில் சட்டபூர்வமாக வசிப்பவர் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். சொந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை.
- பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும்.
- முடிவு பொதுவாக 15 நாளில் வரும். கூடுதல் ஆவணம் தேவைப்பட்டால் 45 நாள் வரை ஆகலாம்.
- 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. இன்றைய மதிப்பில் சுமார் 135 வெள்ளி. விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்ப வராது.
- குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதி அவசியம்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். ரோமில் 4 இரவு, ஏதென்ஸில் 3 இரவு என்றால் இத்தாலியிடம்தான் கேட்க வேண்டும். விமானம் முதலில் ஏதென்ஸில் இறங்கினாலும் அப்படித்தான். இரண்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு.

இன்னொரு பொறியும் உண்டு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவில் ரோம் போய்விட்டு, நடுவில் லண்டனுக்கோ இஸ்தான்புல்லுக்கோ எட்டிப் பார்த்தால் கதை முடிந்தது. அவை ஷெங்கன் வட்டாரத்தில் இல்லை. திரும்ப ரோமுக்குள் நுழைய முடியாது. சிங்கப்பூர் நண்பர் போகிற போக்கில் "இரண்டு நாள் லண்டன்?" என்று கேட்பார். அவருக்கு அது சாதாரணம். இவருக்கு அப்படியில்லை.

முதலில் விசா, பிறகு டிக்கெட்

மலிவு டிக்கெட்டைக் கண்டதும் மூவர் உடனே வாங்கிவிடுகிறார்கள். நான்காமவர் விசாவுக்கு நேரம் கேட்டால் அடுத்த மாதம்தான் இடம் கிடைக்கிறது. அந்தக் கட்டத்தில் அவருக்கு இரண்டே வழி. கட்டிய பணத்தை இழப்பது, அல்லது "நீங்க போய்ட்டு வாங்கடா" என்று சொல்வது.

இரண்டாவதைச் சொல்பவர்தான் அதிகம். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அடுத்த பயணப் பேச்சு வரும்போது அந்தக் குழுவில் அவர் குரல் குறைந்திருக்கும்.

அதனால் விசா தேவைப்படுபவரின் நாள்காட்டியை வைத்தே எல்லாருடைய திட்டத்தையும் தொடங்குங்கள்.

- குழுவில் யாருக்கு விசா வேண்டும் என்பதை முதல் நாளே கேளுங்கள். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
- விசா விண்ணப்பத்துக்குப் பயண முன்பதிவு விவரம் போதும். பணத்தைத் திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை அதற்காக வாங்க வேண்டியதில்லை.
- விசா வரும் வரை, ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள்.
- ஒருவேளை விசா மறுக்கப்பட்டால் அவருடைய பங்கை எப்படிப் பிரிப்பது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மறுக்கப்பட்ட பிறகு பேசுவது இரு தரப்புக்கும் சங்கடம்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் கவலையே இல்லையா?

விசா வேண்டாம். ஆனால் புதிய நடைமுறைகள் வந்துவிட்டன.

முதலாவது, ஈஈஎஸ் எனப்படும் மின்னிலக்க எல்லைப் பதிவு. 2025 அக்டோபர் 12ஆம் தேதி தொடங்கியது. 2026 ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் முழுமையாக நடப்புக்கு வரும்படி திட்டமிடப்பட்டது. கடப்பிதழில் முத்திரை குத்தும் வழக்கத்துக்கு இது மாற்று. முதல்முறை போகும்போது முகத்தைப் படமெடுப்பார்கள். கைரேகையும் பதிவாகும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் கைரேகை எடுக்கப்படாது. பதிவு பொதுவாக 3 ஆண்டு இருக்கும்.

90 நாள் கணக்கை இனி அதிகாரி விரல்விட்டு எண்ணத் தேவையில்லை. கணினியே சொல்லிவிடும்.

ஷெங்கன் நாடு ஒன்றில் விமானம் மாறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. குடிநுழைவுச் சோதனை முதலில் இறங்கும் இடத்திலேயே நடக்கும். ஃபிராங்ஃபர்ட்டில் மாறி ரோம் போனால் வரிசை ஃபிராங்ஃபர்ட்டில்தான். ஒரு மணி நேர இடைவெளியை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள்.

இரண்டாவது, எட்டியாஸ் எனப்படும் இணைய முன்அனுமதி. விசா தேவையில்லாதவர்களுக்கு இது. 2026ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்துள்ளது. கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் 70 வயதைத் தாண்டியோருக்கும் கட்டணம் இல்லை. ஒருமுறை வாங்கினால் 3 ஆண்டு வரை செல்லும். அதற்குள் கடப்பிதழ் காலாவதியானால் அனுமதியும் காலாவதி.

தொடங்காத ஒன்றுக்கு இப்போதே பணம் வாங்கும் இணையத்தளங்களிடம் ஏமாந்துவிடாதீர்கள்!

கடப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். ஷெங்கன் வட்டாரத்தை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் 3 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

செலவில் ஒளிந்திருக்கும் சின்னச் சின்னத் தொகைகள்

டிக்கெட், அறை, சாப்பாடு. இந்த மூன்றை மட்டும் கணக்கில் வைத்தால் போதாது.

ரோமில் தங்குபவர்கள் நகர வரி கட்ட வேண்டும். ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 முதல் 10 யூரோ வரை. 3 நட்சத்திர ஹோட்டலில் 6 யூரோ. நால்வர் 6 இரவு தங்கினால் 144 யூரோ, அதாவது 210 வெள்ளிக்கும் மேல். இணையத்தில் கட்டிய அறை வாடகையில் பெரும்பாலும் இது சேராது. முகப்பில் கேட்பார்கள். "எல்லாம் கட்டியாச்சே?" என்று விழிக்க வேண்டியதில்லை.

வேறு சில கட்டணங்கள்:

- வெனிஸ்: குறிப்பிட்ட நாள்களில் பகல் பொழுதுக்கு மட்டும் வந்துபோவோருக்கு 5 யூரோ. கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ.
- ரோம், திரேவி நீரூற்று: அருகே இறங்கிப் பார்க்க 2026 பிப்ரவரி முதல் 2 யூரோ. தள்ளி நின்று பார்ப்பது இலவசம்.
- லிஸ்பன்: ஓர் இரவுக்கு 4 யூரோ.
- ஏதென்ஸ், அக்ரோபொலிஸ்: நுழைவுச்சீட்டு 2025 முதல் 30 யூரோ.

ஏன் இத்தனை கட்டணம்? கூட்டம்தான் காரணம். அக்ரோபொலிஸில் நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பே விதித்திருக்கிறார்கள். வீட்டு வாடகை ஏறுவதற்குச் சுற்றுலாவும் காரணம் என்று உள்ளூர் மக்கள் சொல்கிறார்கள். 2024 ஜூலையில் பார்சலோனாவில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சிலர் சுற்றுப்பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் 10,000க்கும் அதிகமான வீடுகளின் உரிமங்களை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவர அந்நகரம் திட்டமிட்டுள்ளது.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. சிங்கப்பூரில் தனியார் வீட்டைக்கூட 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. பார்சலோனாவில் வீடு எடுத்துத் தங்குவதாக இருந்தால் விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் படிக்கட்டில் பெட்டியைத் தடதடவென்று இழுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் மறுநாள் வேலைக்குப் போகிறவர்.

எதற்கு முன்பதிவு வேண்டும்?

நிதானமான விடுமுறை என்றால் எதையும் பதிவு செய்யாமல் போவது என்று நினைக்காதீர்கள். நாளுக்கு ஒன்றை மட்டும் பதிவு செய்யுங்கள். மீதி நேரம் உங்களுடையது.

- ரோமின் கொலோசியம்: டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். அடையாள ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். நண்பருக்குப் பதில் இன்னொருவர் நுழைவது நடக்காது.
- பார்சலோனாவின் சக்ராடா ஃபமிலியா: 1882இல் கட்டத் தொடங்கிய தேவாலயம். 2025 அக்டோபரில் உலகின் ஆக உயரமான தேவாலயமானது. நேரம் குறித்த டிக்கெட் வேண்டும்.
- அக்ரோபொலிஸ்: இங்கும் நேரம் குறித்துத்தான் நுழைவு. காலை முதல் வேளையோ மாலைக் கடைசி வேளையோ நல்லது.

தேவாலயங்களுக்குள் நுழையத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கோயிலுக்குப் போவது போலத்தான். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும். வெயிலுக்கும் ஆகும், விமானத்தில் குளிருக்கும் ஆகும்.

அபராதம் என்றால் சிங்கப்பூர்தான் என்று கேலி பேசுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ரோமின் ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்தால் 250 யூரோவிலிருந்து அபராதம். 2019இல் வந்த விதி அது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

குழுவில் சைவம் ஒருவர், ஹலால் ஒருவர், "எது கொடுத்தாலும் சாப்பிடுவேன்" ஒருவர் இருப்பது வழக்கம்.

முதலில் நேரம். ஸ்பெயினில் மதிய உணவு 2 மணிக்கு. இரவு உணவு 9 மணிக்கு. 6 மணிக்குப் பசியோடு போய் நின்றால் பல உணவகங்களில் சமையலறையே திறந்திருக்காது. வார நாள்களில் மதியம் கிடைக்கும் 'மெனு தெல் தியா' எனும் அன்றாடச் சாப்பாடு பைக்கு இதமானது. பல கடைகளில் ஒரே விலையில் முதல் உணவு, இரண்டாம் உணவு, இனிப்பு அல்லது காப்பி எல்லாம் வந்துவிடும்.

இத்தாலியில் காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. ரோமில் குடிநீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருவெங்கும் 'நசோனி' எனும் குழாய்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர். போத்தல் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு:

- ஸ்பெயினில் 'வெஹெத்தால்' என்று எழுதியிருக்கும் ரொட்டிக்குள் பெரும்பாலும் டூனா மீன் இருக்கும். பெயரை நம்பாதீர்கள். கேளுங்கள்.
- இத்தாலியில் பீட்ஸா மரினாராவில் தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும். சீஸ்கூட இல்லை.
- பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்க்கப்படுகிறது. கண்டிப்பான சைவத்துக்கு அது ஒத்துவராது.
- கிரீஸில் வைதீகத் திருச்சபையின் விரத வழக்கத்தால் இறைச்சி இல்லாத உணவு நிறைய. தக்காளியில் வேகவைத்த பெரிய பீன்ஸ், கீரை வகைகள் எல்லாம் கிடைக்கும்.

நம்ம ஊர் வாசம் வேண்டுமென்றால் அதற்கும் இடமுண்டு. ரோமில் எஸ்குவிலினோ சந்தை, பார்சலோனாவில் ராவால், லிஸ்பனில் மார்த்திம் மோனிஸ். தெற்காசியக் கடைகளும் ஹலால் உணவும் இந்த வட்டாரங்களில் கிடைக்கும்.

ஊறுகாய் கொண்டுபோகலாமா?

புறப்படும் முன் லிட்டில் இந்தியாவில் ஒரு சுற்று சுற்றுவது நமக்குப் பழக்கம். முஸ்தஃபாவில் கூடையைத் தள்ளும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளிநாட்டிலிருந்து இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுபோகக்கூடாது. ஆகவே நெய், பால்கோவா, கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்த இறைச்சி வற்றல் எல்லாம் இங்கேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக்கூடிய ஐந்து பழங்களில் டுரியானும் ஒன்று. அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை மற்ற நான்கு. ஐரோப்பா ஒத்துக்கொண்டாலும் விமானத்தில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். ஆசைப்பட வேண்டாம்.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு போன்றவற்றில் பால், இறைச்சி இல்லையென்றால் பிரச்சினை இல்லை. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிலிட்டருக்கு மேல் போனால் பிடித்துக்கொள்வார்கள். பெட்டியில் போடுங்கள், இரண்டு பை சுற்றி.

சாங்கியில் கவனிக்க வேண்டியவை

ஐரோப்பா போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. டிக்கெட்டில் "சனிக்கிழமை 1.30 மணி" என்றிருந்தால் வெள்ளிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சனி இரவு போய் நின்றவர்கள் உண்டு! நான்கு பேரும் குழுவில் எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூர்வாசிகள் இப்போது கடப்பிதழைக் காட்டாமல் முகம், கருவிழி அடையாளத்தால் குடிநுழைவைத் தாண்டலாம். அதற்காகக் கடப்பிதழை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே இறங்கியதும் அது வேண்டும்.

மின்தேக்கியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் அதைக் கொண்டு கைப்பேசிக்கு மின்னூட்டவும் கூடாது.

நம் மூன்று முள் செருகி அங்கே பொருந்தாது. வட்டமான இரண்டு முள் மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் ஒன்றுதான்.

அங்கே போனதும்

ரோம், பார்சலோனா நேரம் கோடையில் நம்மைவிட 6 மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் 7 மணி நேரம். ஏதென்ஸில் அதைவிட ஒரு மணி நேரம் குறைவு. அதிகாலையில் இறங்கினால் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். பெட்டியை மட்டும் ஹோட்டலில் வைத்துவிட்டு, வெயிலில் நடங்கள். மாலை வரை தூங்காமல் இருந்தால் உடல் சீக்கிரம் பழகிவிடும்.

ஜேப்படித் திருடர்கள் இருக்கிறார்கள். பார்சலோனாவின் லா ராம்ப்லா, ரோமின் தெர்மினி ரயில் நிலையம், ஏதென்ஸ் மெட்ரோ ஆகிய இடங்களில் கூடுதல் கவனம் தேவை. கைப்பேசியைச் சாப்பாட்டு மேசை மீது வைக்காதீர்கள். "நான் பத்திரமா வச்சுக்கிறேன்" என்று ஒருவரே நால்வரின் கடப்பிதழையும் வைத்துக்கொள்வதும் வேண்டாம். ஒரு பை போனால் நான்கும் போகும்.

தொலைந்தால் அவரவர் நாட்டுத் தூதரகத்தைத்தான் அணுக வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு வெளியுறவு அமைச்சின் 24 மணி நேர அலுவலகம் உதவும். போகுமுன் அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஐரோப்பா முழுவதும் அவசர எண் 112.

பயணக் காப்புறுதி விசா கேட்பவருக்கு மட்டும்தான் என்று மற்றவர்கள் விட்டுவிட வேண்டாம். மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. கல் பாவிய தெருவில் கணுக்கால் பிசகினால் செலவு உங்களுடையது.

நட்பு நட்பாகவே திரும்பி வர

கையில் இருக்கும் காசு நால்வருக்கும் ஒன்றல்ல. "ஆளுக்கு 60 யூரோதானே" என்பது ஒருவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. இன்னொருவருக்கு ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு. அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

- நாளுக்கு எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே பேசுங்கள். குறைவாகச் சொல்பவரின் தொகையை எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். அதற்குமேல் செலவழிக்க விரும்புபவர் தனியாகச் செய்துகொள்ளலாம்.
- பொதுச் செலவுக்கு ஒரு கணக்கு. அன்றன்றைக்கே எழுதுங்கள். சிங்கப்பூர் திரும்பிய பிறகு கணக்குப் பார்த்தால் கசப்புதான்.
- ஒரு நாளை ஒருவர் திட்டமிடட்டும். அன்று மற்றவர்கள் குறை சொல்லக்கூடாது.
- ஒரு பிற்பகலாவது அவரவர் வழியில் போங்கள். மாலையில் சந்திக்கும்போது பேச விஷயம் இருக்கும்.

கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் ஒரு யோசனை. ரோமிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணத்தில் சிசிலியின் பலெர்மோ வரும். 1980கள் முதல் இலங்கைத் தமிழர்கள் குடியேறிய நகரம் அது. மொந்தே பெல்லெக்ரினோ மலையிலுள்ள புனித ரோசாலியா குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கத் தமிழர்கள் மட்டுமல்ல, இந்துத் தமிழர்களும் நடந்து ஏறி வழிபடுகிறார்கள். இத்தாலிய மலைப்பாதையில் யாரோ தமிழில் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு ஏறுவதைக் கேட்க நேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

திரும்பி வரும்போது

- சிங்கப்பூர் வருகை அட்டையைத் தரையிறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். விமானத்தில் வரும் குடிமக்களும் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை.
- 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பொருள், சேவை வரி இல்லை. ஆனால் இந்தச் சலுகை வேலை அனுமதி, நீண்டகால வருகை அட்டை போன்றவற்றை வைத்திருப்போருக்குக் கிடையாது. நண்பரின் பையில் உங்கள் கைப்பையைத் திணிக்கும் முன் யோசியுங்கள்.

ஆக, முதல் வேலை டிக்கெட் தேடுவதல்ல. இன்றே வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போடுங்கள்: "யாருக்கெல்லாம் விசா வேணும்? எப்ப விண்ணப்பிக்கலாம்?"

அதற்கு எல்லாரும் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி. கட்டை விரலை மட்டும் காட்டியவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் அவருக்குத்தான் விசா தேவைப்படும்.